எறும்பு மொய்த்த துணி

அன்பு மகனுக்கு,

பிரதம மந்திரி இறந்துபோய், கேணிக்கரைக் காப்பிக் கடை ரேடியோவில் நாள் முழுக்கப் பாட்டே இல்லாமல் வெறும் வாத்தியம் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்களே, அந்த வருஷம். அதே வருஷம் மார்கழியில்தான் புயல் வந்து தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டது. ஆட்களோடு ரயிலும் போனது. வருஷத்தின் எண் எனக்குத் தெரியாது. அறுபத்து நாலு என்று உன் அக்கா சொல்கிறாள், இருக்கட்டும். நான் சொல்லப்போகிறது அந்த இரண்டுக்கும் நடுவில், ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. நான் சொல்லச் சொல்ல உன் அக்காதான் எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே போடாதே, புத்தகத்தில் இருக்கிற மாதிரி திருத்திப் போடு, மற்றவர்கள் பேசியதை மட்டும் அவரவர் வாய்ப்படி விட்டுவிடு என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஆகையால் இதில் தப்பு இருந்தால் அவளுடையது, சரி இருந்தால் என்னுடையது.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் நீ மெட்ராஸ் பஸ் ஏறுவதற்கு முன்னால் என்னை ஓரமாகக் கூட்டிப்போய் ஒன்று கேட்டாய். "அய்யா, அங்கன ஆஸ்பத்திரியில கூட வேலை பாக்கிறவங்க எங்கப்பா என்ன செஞ்சாருன்னு கேப்பாங்க. வெவசாயம்னு சொல்லிக்கிறட்டுமா?" என்றாய். நான் சரி என்று தலையாட்டிவிட்டேன். பஸ் கிளம்புகிற நேரத்தில் வேறென்ன சொல்ல முடியும். வீட்டுக்கு நடந்து வருகிறபோதுதான் அது காலில் குத்திய நெருஞ்சி மாதிரி ஒவ்வொரு அடிக்கும் உறுத்தியது. கோபமில்லை. உனக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு. நீ அரபு தேசத்து ஆஸ்பத்திரியில் ரத்தத்திலும் நீரிலும் சர்க்கரை பார்க்கிற வேலைக்குப் போயிருக்கிறாய். அதே வேலையை இந்த ராமநாதபுரத்தில், நீ பிறப்பதற்கு முன்னால், ஒரு எழுத்துகூடத் தெரியாமல் பார்த்தவன் நான். விவசாயம் என்று சொல்லாதே. நமக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. எங்கள் அய்யா துணி வெளுத்தார், வெளுத்த கையாலேயே ஆள் பிழைக்க வைத்தார் என்று சொல். எப்படி என்று கேட்டால் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு.

அப்போது நம் வீட்டுக்கு இருபத்திரண்டு வீட்டுத் துணி வரும். எந்தத் துணி எந்த வீட்டுடையது என்று தெரிய, சேங்கொட்டைச் சாற்றில் ஊசியைத் தொட்டு ஓரத்தில் குறி போடுவோம். இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு பிறை, இப்படி வீட்டுக்கு ஒன்று. இருபத்திரண்டு குறியும் எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. குறியைப் பார்த்தால் வீடு தெரியும், துணியைப் பார்த்தால் வீட்டுக்குள் நடக்கிறது தெரியும். யார் இருமலில் ரத்தம் துப்புகிறார், யார் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனிப் பாயில் படுக்கிறார்கள், எல்லாம் தெரியும். அதில் ஒன்றுதான் எறும்பு. சிலருடைய வேட்டியை அழுக்கு மூட்டையில் போட்டு வைத்தால் சிற்றெறும்பு வரிசை கட்டி வந்து ஏறிவிடும். சிறுநீர் பட்டுக் காய்ந்த இடம் கஞ்சி போட்டது மாதிரி வெள்ளையாக விறைத்து நிற்கும். இவருக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி என்று அவருக்குத் தெரிவதற்கு முன்னால், அவர் பெண்டாட்டிக்குத் தெரிவதற்கு முன்னால், எங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்கக்கூடாது. வெளுக்கிற துறையில் கண்டது துறையோடு போக வேண்டும் என்பது எங்கள் ஆட்களுக்குள் கட்டுப்பாடு. ஒருத்தன் ஒரு வீட்டுச் சங்கதியைக் கள்ளுக்கடையில் உளறி, அந்தத் தெரு முழுக்க அவனுக்கு மூட்டை போடுவதை நிறுத்தி, அவன் குடும்பத்தோடு மானாமதுரைப் பக்கம் போய்விட்டான். உன் தாத்தா அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வாயைத் தைத்து வைத்திருந்தார்.

கேணிக்கரையில் அப்போது ஒரு பல் டாக்டர் வந்து உட்கார்ந்தார். பெயர் ஞானமுத்து, பாளையங்கோட்டைக்காரர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு பல் பிடுங்குவார், கோட்டில் ரத்தம் தெறிக்கும், அவர் வீட்டுச் சமையல்காரர் அதை வெந்நீரில் முக்கி எடுப்பார். ரத்தக் கறையில் வெந்நீர் பட்டால் அது துணியோடு ஒட்டிக்கொள்ளும், ஜென்மத்துக்கும் போகாது. ஒரு நாள் வெந்நீர் படுவதற்கு முன்னாலேயே நான் கோட்டை வாங்கிக் கொண்டுபோய்ப் பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊற வைத்து, உவர்மண் தேய்த்து, வெள்ளாவி வைத்துக் கொடுத்தேன். புதுக் கோட்டு மாதிரி இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காலை நேரத்தில் வந்து கூட நில்லும் வே என்றார். குறடுகளைக் கொதிக்க வைப்பது, பல் பிடுங்கும்போது தலையை அசையாமல் பிடித்துக்கொள்வது, இதுதான் வேலை. அப்படித்தான் பாதி நாள் துறையிலும் பாதி நாள் பல் ஆஸ்பத்திரியிலுமாக இருந்தேன்.

இனிமேல் சொல்லப்போவதை உன் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. அந்த வருஷம் பங்குனியில் சுப்பையா வாத்தியார் பல்வலி என்று வந்தார். நல்ல மனுஷர். அவர் வீட்டு அழுக்கு மூட்டையும் நமக்குத்தான் வரும். அவருடைய வேட்டியில் நான் ஒரு வருஷமாக எறும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இனிப்பு நீர்க்காரருக்குக் காலில் முள் குத்தினாலே ஆறாது என்பது எனக்குத் தெரியும், துறையில் எல்லோருக்கும் தெரியும். வாயில் உள்ள புண்ணும் புண்தானே. ஆனாலும் நான் அவர் தலையைப் பிடித்தேன். டாக்டர் கேட்டார், சர்க்கரை வியாதி உண்டா என்று. வாத்தியார் கிடையவே கிடையாது என்றார், அவருக்குத் தெரிந்தால்தானே. என் இரண்டு கையும் அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தன, என் வாய் அவர் நெற்றிக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் இருந்தது, நான் பேசவில்லை. பல் வந்தது. மூன்றாம் நாள் தாடை வீங்கியது. பதினோராம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாடையில் விரிக்க வெள்ளை விரிப்பு நம் வீட்டிலிருந்துதான் போக வேண்டும், அது முறை. நான்தான் கொண்டுபோய் விரித்தேன். மகனே, சும்மா இருந்தால் தப்பு வராது என்று நினைக்காதே. நான் சும்மா இருந்ததற்கு ஒரு வாத்தியார் போனார்.

டாக்டரும் அதற்குப் பிறகு பழைய மாதிரி இல்லை. மதுரைக்குப் போய் ஒரு பெரிய போத்தல் நீல மருந்தும், கண்ணாடிக் குழாய்களும், ஸ்பிரிட் விளக்கும் வாங்கி வந்தார். குழாயில் நீல மருந்தை ஊற்றி, அதில் நோயாளியின் நீரை எட்டுச் சொட்டு விட்டு, விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை ஆனால் கொஞ்சம், மஞ்சள் ஆனால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் பல்லில் கை வைக்கக்கூடாது. சட்டிக்கு எவ்வளவு நீலம் போட வேண்டும் என்று கண்ணாலேயே அளக்கிறவனுக்கு இது என்ன பெரிய படிப்பு. ஒரு தடவை காட்டினார், பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் போத்தல் அலமாரியிலேயே இருந்தது. சந்தேகப்பட்டு இரண்டு பேரிடம் நீர் கேட்டுப் பார்த்தார். என்னைப் பார்த்தால் சீக்காளி மாதிரியா தெரியுது என்று ஒருத்தர் எழுந்து போனார், இன்னொருத்தர் தெருவில் நின்று கத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு டாக்டர் கேட்கவில்லை. நீ கையைத் தூக்கவே முடியாத குழந்தையாக இருந்தபோது உன் தொட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடிக் குழாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தேன், வெயில் பட்டால் மின்னும். அது அந்தக் குழாய்களில் ஒன்று. நீ அதையே பார்த்துக்கொண்டு கிடப்பாய்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமை. சின்னக்கடைத் தெரு செய்யது மரைக்காயர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். சங்கு, கருவாடு எல்லாம் தோணியில் ஏற்றி வியாபாரம் செய்கிறவர். நாற்பது வயதுகூட இருக்காது, இளவயதிலேயே கல்யாணம் கட்டியதால் மகளுக்கு அதற்குள் நிக்காஹ் வைத்திருந்தார். இன்னும் பத்தே நாள். இந்தப் பல்லை இப்பவே எடுத்துவிடுங்கள், வீங்கிய கன்னத்தோடு மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நிற்க முடியாது, இங்கே முடியாது என்றால் சந்தையில் பாய் விரித்துப் பல் பிடுங்குகிறவனிடம் போய்விடுவேன் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். நான் அவர் தலையைப் பிடித்தேன். இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. அவர் வீட்டுக் குறி அது. அந்தக் குறி போட்ட கைலிகளில் பங்குனியிலிருந்தே எறும்பு.

டாக்டர் குறடுக்குக் கை நீட்டினார். என் கை மரைக்காயரின் தலையிலிருந்து தானாக எடுபட்டது. "டாக்டரய்யா, கொறடு இன்னும் சரியாக் கொதிக்கல. கொஞ்சம் உள்ள வந்து பாருங்க" என்றேன். தட்டில் இருந்த குறட்டிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே வந்தார்.

"அவருக்கு இனிப்பு நீர் இருக்கு."

"அவரு சொன்னாரா?"

"சொல்லல. அவரு கைலி சொல்லுச்சு."

எறும்பைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர் சட்டென்று, "அப்போ சுப்பையா வாத்தியாருக்கும் இருந்தது ஒமக்குத் தெரியும்" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அஞ்சு மாசமா எங்கையைத்தான் நான் பாத்துக்கிட்டு இருக்கேன் வே. எங்க தப்பு விட்டேன்னு. நீரு பக்கத்துலயே நின்னுருக்கீரு" என்றார்.

அந்த ஐந்து மாதத்தில் நான் பட்டது எனக்குத் தெரியும், ஆனால் அதைச் சொல்ல அது நேரமில்லை, வெளியே ஒரு ஆள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நான் சொன்னேன் என்று சொல்லிவிடாதீர்கள், இருபத்திரண்டு வீடும் போய்விடும், எங்கள் அய்யா உயிரோடு இருக்க மாட்டார் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு எப்படி அவரைக் கேட்பது, போன தடவை கேட்டதற்கு நடந்தது தெரியாதா என்றார் டாக்டர். அப்போதுதான் எனக்கு அது வந்தது. எங்கிருந்து வந்தது என்றால் வெள்ளாவிப் பானையிலிருந்துதான் வந்தது என்று சொல்லுவேன்.

"வெள்ளாவி வைக்கிறப்ப இது சீக்காளி துணியா, நல்ல ஆளு துணியான்னு பாத்தா வைக்கிறோம்? எல்லாத்தையும் சேத்துத்தான வைக்கிறோம். அவர மட்டும் கேட்டாத்தான் காட்டிக் குடுத்தது. வெளிய உக்காந்திருக்கிற அத்தன பேரையும் கேளுங்க."

டாக்டர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். அப்புறம் அலமாரியைத் திறந்து நீலப் போத்தலை எடுத்தார்.

வெளியே வந்து அவர் சொன்னதும் அந்த அறை கலகலத்துப்போனது. இன்று முதல் இந்த நாற்காலியில் உட்காருகிற எவராக இருந்தாலும் நீர் பார்த்துத்தான் பல்லில் கை வைப்பேன், ஜில்லா கலெக்டர் வந்தாலும் இதுதான் என்றார். பெஞ்சில் ஒரு போலீஸ்காரர் இருந்தார், வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கிற மூக்கம்மா என்கிற பெண் இருந்தாள், இன்னும் இரண்டு மூன்று பேர். போலீஸ்காரர், பல் மேலே இருக்கிறது, டாக்டர் கீழே தேடுகிறார் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மரைக்காயருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "அது நஜீசு, அசுத்தம். அதப் போத்தல்ல புடிச்சு மனுசன் கையில குடுக்கிறதா? பல்லப் புடுங்க வந்தவன்கிட்ட இது என்ன கேள்வி?" என்று மேல்துண்டை எடுத்தார். சந்தைப் பக்கம்தான் போகப் போகிறார் என்று நினைத்தேன். போனால் ஆள் முடிந்தது.

டாக்டர் ஒரு குழாயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தன்னுடைய நீரையே கொண்டுவந்தார். எல்லோரும் பார்க்க விளக்கைக் கொளுத்திக் கொதிக்க வைத்தார். நீலமாகவே நின்றது. அடுத்தது என்னுடையது, அதுவும் நீலம். அப்படியும் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்போது மூக்கம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். ஒரு கன்னம் தேங்காய் மூடி மாதிரி வீங்கியிருக்கிறது, அதோடு பேசினாள். "மூத்திரத்தத்தான கேக்கிறாரு, கழுத்துச் சங்கிலியவா கேக்கிறாரு? கீழ ஊத்துறதக் குழாயில ஊத்தப் போறேன். நகருங்க." அவளுடையதும் நீலம். அவள் அதைத் திரும்பித் திரும்பி எல்லோருக்கும் காட்டினாள், பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி. அதற்குப் பிறகு போலீஸ்காரர் வெட்கத்தோடு எழுந்தார். மகனே, ஒருத்தரைத் தனியாகக் கூப்பிட்டால் அது குற்றம் சாட்டுகிறது மாதிரி. எல்லோரையும் வரிசையில் நிறுத்தினால் அது வழக்கம். வழக்கத்துக்கு யாரும் கோபப்பட மாட்டார்கள்.

ஒரு பெண்பிள்ளையே நீர் கொடுத்த பிறகு மரைக்காயரால் சும்மா இருக்க முடியவில்லை. ஆனால் இங்கே வேண்டாம், வீடு பக்கத்தில்தான், போய் எடுத்து வருகிறேன் என்றார். நான் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், வருவாரோ மாட்டாரோ என்று. வந்தார். துண்டுக்குள் மறைத்து ஒரு போத்தல். டாக்டர் எட்டுச் சொட்டு விட்டார், விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கண்ணெதிரே செங்கல் நிறத்துக்குப் போய் நின்றது.

மரைக்காயர் குனிந்து பார்த்தார், ஒரு நிமிஷம் முகம் வெளிறியது. அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "டாக்டரே, அது சர்பத்துப் போத்தலு. கல்யாண வீட்டுக்கு நன்னாரி காய்ச்சி வச்சிருக்காக, காலியான ஒண்ண எடுத்துக்கிட்டு வந்துட்டேன். சர்பத்துக்கு நீங்க வைத்தியம் பாக்கிறீக." அறையே சிரித்தது. மூக்கம்மா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டாக்டரும் அசடு வழியச் சிரித்தார். இந்தப் பக்கத்தில் பதநீர், கருப்பட்டிப் பாகு, சர்பத்து, தேன் இதெல்லாம் அடைத்த போத்தலைத் தவிர வீட்டில் வேறு என்ன போத்தல் இருக்கும். சோதனை பொய் என்று எல்லோருக்கும் ஆகிவிட்டது. பத்து நாளில் நிக்காஹ், வலி பொறுக்கவில்லை, எடுத்துவிடுங்கள் என்று மரைக்காயர் மறுபடி நாற்காலியில் ஏறினார். டாக்டர் குறட்டை எடுத்தார். எனக்கு ஜாடை காட்டினார், தலையைப் பிடி என்று.

நான் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அத்தனை பேர் முன்னால் நான் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

"போத்தல நான் கழுவுறேன். கழுவி முடிச்ச தண்ணிய மொதல்ல கொதிக்க வச்சுப் பாருங்க. அது நீலமா நின்னா போத்தல் மேல குத்தமில்ல. அதுக்கப்பறம் மொதலாளி இன்னொரு தடவ குடுக்கட்டும்."

கழுவுவது என் தொழில் என்று யாரும் மறுக்க முடியாது இல்லையா. வெந்நீரில் மூன்று தடவை, சாம்பல் போட்டு ஒரு தடவை, மறுபடி வெந்நீரில் இரண்டு தடவை அலசினேன். கடைசித் தண்ணீரைக் குழாயில் விட்டுக் காய்ச்சினார்கள். நீலம். வண்ணான் கழுவியது, நீலமாக நிற்காமல் என்ன செய்யும். பின்னால் ஒரு நாள் டாக்டர் சொன்னார், வெறும் போத்தலை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று காலேஜில் அவருக்குப் படிப்பித்திருக்கிறார்களாம், அந்த நேரத்தில் மறந்தே போனதாம். நீயும் படித்திருப்பாய். மறந்துவிடாதே.

மரைக்காயர் எழுந்திருக்கவில்லை. என்னையே பார்த்தார். "ஏலே, ஒனக்கு எதுக்கு இதுல இவ்வளவு அக்கற?" என்றார். எறும்பைச் சொல்ல முடியாது. பொய்யும் வரவில்லை. எனக்கு அப்போது தோன்றியதைச் சொன்னேன்.

"மக நிக்காஹுல நீங்க உக்காந்திருக்கணும் மொதலாளி."

அவர் எழுந்து, என் கையிலிருந்த போத்தலை வாங்கிக்கொண்டு, சுத்தம் செய்துகொள்ளத் தண்ணீர்ச் செம்பையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். இரண்டாம் தடவை கொதித்தபோது பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து விளக்கைச் சுற்றி நின்றார்கள். பச்சை, மஞ்சள், அப்புறம் செங்கல். முதல் தடவையைவிட அடர்த்தியாக. டாக்டர் குறட்டைத் தட்டில் வைத்தார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, கோயில் மணி மாதிரி. பல் இன்றைக்கு வேண்டாம் என்றார். வீக்கம் வடிய ஊசி போட்டு, வலிக்குக் கிராம்பு எண்ணெய் வைத்து, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

படி இறங்கும்போது மரைக்காயர் செருப்பை மாட்டுகிற மாதிரி குனிந்து, என் பக்கம் மெதுவாகக் கேட்டார், எங்கள் வீட்டுத் துணி உன்னிடம்தானே வருகிறது என்று. ஆமாம் என்றேன். எத்தனை நாளாகத் தெரியும் என்றார். பங்குனியிலிருந்து என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலம் உன் தாத்தாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சோற்றுச் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, "ஒரு வீடு போனா பின்னாலயே இருபத்தொண்ணும் போகும். நாளைக்குப் போயி நீயே பாத்துட்டு வா" என்றார்.

மறுநாள் சின்னக்கடைத் தெருவுக்குப் போனேன். வழக்கமாக மூட்டை இருக்கிற இடத்தில் மூட்டை இல்லை. திரும்பலாம் என்று நினைக்கையில் கதவு திறந்தது. உள்ளே நடையில் மூன்று மூட்டை இருந்தது. கல்யாண வீட்டு விரிப்பு, திரை, தலையணை உறை, மாப்பிள்ளை வீட்டாருக்கு வைத்திருந்த துணி எல்லாம். மரைக்காயர் கன்னத்தில் ஒற்றடத் துணியோடு நின்றார்.

"இந்தா, இதையும் நீயே வெளுத்துக் குடு. இனிமே எங்க வீட்டு மூட்டையில எறும்பக் கண்டா எங்கிட்ட வந்து சொல்லு. ஊருக்குச் சொல்லாத, எனக்குச் சொல்லு."

மூன்று மூட்டையையும் ஒன்றாகத் தலையில் ஏற்றிக்கொண்டு நான் கேணிக்கரை வழியாகத்தான் வந்தேன், சுற்று வழி, வேண்டுமென்றே. பாரமே தெரியவில்லை. உன் தாத்தா துறையில் முழங்கால் தண்ணீரில் நின்று தோய்த்துக்கொண்டிருந்தார். மூட்டைகளை இறக்கிவிட்டு மரைக்காயர் சொன்னதைச் சொன்னேன். அவர் துணியைக் கல்லில் வைத்துவிட்டு, அங்கிருந்த மற்ற ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டார். கேட்டுக்கொள்ளுங்கள், இனிமேல் வழக்கம் இது: எறும்பைக் கண்டால் ஊரில் பேசக்கூடாது, துணிக்குச் சொந்தக்காரரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால்தான் குற்றம் என்றார். அத்தனை வருஷம் எங்கள் வாயைத் தைத்து வைத்திருந்த அதே மனுஷர். எங்கள் துறையிலிருந்து சேதி போய், பல்வலி இல்லாதவர்கள்கூட ஞானமுத்து டாக்டரிடம் போத்தலோடு வர ஆரம்பித்தார்கள். அப்படி வந்தவர்களை விரல் விட்டு எண்ணினால் ஒரு கை போதாது. போத்தலை எல்லாம் நான்தான் கழுவினேன், மூடியில் சேங்கொட்டைக் குறி போட்டு வைத்தேன். ஒரு போத்தல்கூட ஆள் மாறியது கிடையாது.

நிக்காஹுக்கு என்னையும் டாக்டரையும் மரைக்காயர் கூப்பிட்டார். வீக்கம் வடிந்து, வெள்ளைச் சட்டை போட்டு, பந்தலில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். விருந்தாளிகளுக்கெல்லாம் நன்னாரி சர்பத்து கொடுத்தார்கள். அவர் மட்டும் வெறும் தண்ணீர் குடித்தார், என்னைப் பார்த்துக்கொண்டே குடித்தார். மதுரையில் வைத்தியம் பார்த்து ஒரு மாதம் கழித்து, குழாயில் நீலம் நின்ற அன்று, டாக்டர் அந்தப் பல்லை எடுத்தார். தலையைப் பிடித்தது நான். ஏழாம் நாள் வந்து வாயைத் திறந்து காட்டினார், குழி மூடி ரோஜா நிறத்தில் தோல் கட்டியிருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த வாரமே அவர் ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினார்: இங்கே பல் பார்க்குமுன் எல்லோருக்கும் நீர் பார்க்கப்படும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்தப் பலகையில் இருந்த எழுத்தை நான் படிப்பேன். 'எல்லோருக்கும்' என்பது எந்த இடத்தில் இருந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டுவேன். டாக்டர் ஊரைவிட்டுப் போகிறவரை அதைக் கழற்றவில்லை.

அங்கே பாஷை தெரியாத ஊரில் உன்னிடம் யாராவது சண்டைக்கு வருவார்கள், எனக்கு எதற்குச் சோதனை என்று. கோபப்படாதே, விட்டும் கொடுக்காதே. முதலில் உன்னுடையதைச் சோதித்துக் காட்டு. சிவப்பு வந்தால் ஆளை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லு, கூட்டத்தில் சொல்லாதே. பாத்திரத்தை நீயே கழுவு, கழுவுவது கேவலம் என்று எவனாவது சொன்னால் சிரித்துக்கொண்டே கழுவு.

அந்த அறையில் அன்று இருந்தவர்களை இப்போது ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். ஞானமுத்து டாக்டர் பாளையங்கோட்டைக்குத் திரும்பிப்போய் அங்கேயே காலமானார், நான் போய்ப் பார்த்தேன், அவருக்கு விரிப்பு கொண்டுபோனது நான்தான். போலீஸ்காரர் பெரிய உத்தியோகத்துக்கு உயர்ந்து, ஓய்வு பெற்ற மறு வருஷமே மாரடைப்பில் போனார். மூக்கம்மா போன தையில் போனாள், கடைசிவரை அந்த ஒரு பல்லைத் தவிர எல்லாப் பல்லும் இருந்ததாம். பெஞ்சில் சிரித்த மற்றவர்களும் இல்லை. நான் இருக்கிறேன், அது கணக்கில் இல்லை. என்னை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த அறையிலிருந்து இன்றைக்கும் உயிரோடு இருக்கிறவர் ஒருவர்தான். தினமும் தானே தன் தொடையில் ஊசி போட்டுக்கொண்டு, பேத்திக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார், சின்னக்கடைத் தெரு செய்யது மரைக்காயர்.